கர்ப்பகாலச் சர்க்கரை: நீக்கியதை விடச் சேர்த்தது உதவியது

கர்ப்பத்தில் சர்க்கரை இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்ததும் காதில் விழும் அறிவுரை எல்லாம் 'கூடாது' என்றுதான் முடியும். இனிப்பு கூடாது, பழம் கூடாது, சோறு கூடாது, கிழங்கு கூடாது. சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டியலைக் கேட்டு முடிக்கும்போது, அப்புறம் சாப்பிட என்னதான் இருக்கிறது என்ற பயம் வந்துவிடும். எனக்கும் வந்தது. அடுத்து வந்த மாதங்களில் எனக்குக் கைகொடுத்தவற்றில் பெரும்பகுதி, தட்டில் புதிதாகச் சேர்த்த பொருட்கள். அதிலும் முக்கியமாக நார்ச்சத்து. அது எங்கே உதவியது, எங்கே உதவவில்லை, அதற்கும் குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் என்ன தொடர்பு என்று நான் பட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இப்போது இதே நிலையில் இருக்கும் ஒருவருக்குப் பயன்பட்டால் போதும்.

முதலில் பரிசோதனை. 24 முதல் 28 வாரத்துக்குள் பெரும்பாலும் இதைச் செய்வார்கள். வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுத்துவிட்டு, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் கழித்தும் இரண்டு மணி நேரம் கழித்தும் மறுபடி எடுப்பார்கள். பல நாடுகளில் பின்பற்றப்படும் அளவுகோல்படி வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 மில்லிகிராம் என்பவை எல்லைகள். இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகால நீரிழிவு என்று சொல்வார்கள். வேறு அளவுகோல் வைத்திருக்கும் இடங்களும் உண்டு, அதனால் உங்கள் ரிப்போர்ட்டை உங்கள் மருத்துவர் பின்பற்றும் அளவுகோலோடுதான் ஒப்பிட வேண்டும். எனக்கு ஒரு மணி நேர அளவு நன்றாகவே தாண்டியிருந்தது, வெறும் வயிற்று அளவு விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. இந்த இரண்டும் வேறு வேறு காரணத்தால் ஏறுகின்றன என்பது அப்போது தெரியாது. பின்னால் அதுதான் முக்கியமான விஷயமாகிப்போனது.

"இனிப்பு நிறைய சாப்பிட்டியாம்மா?" என்று கேட்காத ஆள் இல்லை. மருத்துவர் மட்டும் கேட்கவில்லை. அவர் சொன்னது இது: குழந்தைக்கு உணவு கொண்டுபோகும் நஞ்சு (பிளசென்டா), கர்ப்பத்தின் பிற்பாதியில் சில ஹார்மோன்களை நிறையச் சுரக்கிறது. அம்மாவின் உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாமல் இருக்க அவை ஒரு காரணம். இது நோய் கிடையாது, எல்லாக் கர்ப்பத்திலும் நடப்பதுதான். குழந்தைக்கு எப்போதும் குளுக்கோஸ் கிடைத்துக்கொண்டே இருக்க இயற்கை செய்த ஏற்பாடு. இதை ஈடுகட்ட அம்மாவின் கணையம் வழக்கத்தை விட இரண்டு மடங்குக்கும் மேல் இன்சுலின் சுரக்க வேண்டியிருக்கும். சிலருடைய கணையத்தால் அந்த அளவுக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை, சர்க்கரை ஏறிவிடுகிறது. இதைக் கேட்டபோது மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இதே ரிப்போர்ட்டோடு இருக்கும் எல்லோருக்கும் இதைத்தான் முதலில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

சரி, சர்க்கரை ஏறினால் என்ன ஆகும்? அம்மாவின் ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் நஞ்சு வழியாகக் குழந்தைக்குப் போகும், அம்மாவின் இன்சுலின் போகாது. அதனால் குழந்தை தன் கணையத்திலேயே கூடுதல் இன்சுலின் சுரந்து சமாளிக்கிறது. அந்த இன்சுலின் குழந்தையின் உடலில் கொழுப்பைச் சேர்க்கிறது, எடை கூடுகிறது, பிரசவம் சிக்கலாகலாம். பிறந்து தொப்புள்கொடியை வெட்டியதும் அம்மாவிடமிருந்து வந்த குளுக்கோஸ் நின்றுவிடும், ஆனால் குழந்தையின் இன்சுலின் உடனே குறையாது. அதனால்தான் பிறந்தவுடன் குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். 2008-ல் வெளியான ஹாப்போ என்ற ஆய்வில் பல நாடுகளைச் சேர்ந்த சுமார் 23,000 கர்ப்பிணிகளைக் கவனித்தார்கள். இந்த எண் வரை பாதுகாப்பு, அதற்கு மேல் ஆபத்து என்று கோடு கிழித்தாற்போல எதுவும் கிடைக்கவில்லை. சர்க்கரை ஏற ஏற ஆபத்தும் படிப்படியாக ஏறியது. அப்படியென்றால் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் ஐந்தோ பத்தோ குறைந்தாலும் அதற்கு மதிப்பு உண்டு. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

டயட்டீஷியனைப் பார்க்கப் போனபோது மாவுச்சத்தை அடியோடு நிறுத்தச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நேர்மாறாகச் சொன்னார். கர்ப்பத்தில் ஒரு நாளைக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து வேண்டும், குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் குளுக்கோஸ்தான் எரிபொருள், பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பை எரித்து கீட்டோன்களை உண்டாக்கும், அது நல்லதில்லை என்றார். அதன் பிறகு, "நார்ச்சத்து எவ்வளவு சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. கர்ப்பிணிகளுக்கு ஒரு நாளைக்கு 28 கிராம் என்று ஒரு பரிந்துரை இருக்கிறது. வீட்டுக்கு வந்து என் வழக்கமான ஒரு நாள் சாப்பாட்டை நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். அதில் பாதியைக்கூடத் தொடவில்லை.

கூட்டிப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. எந்தப் பொருளில் நார் இருக்கிறது என்று நாம் நினைப்பதற்கும் உண்மைக்கும் நிறைய இடைவெளி உண்டு. வெள்ளை அரிசிச் சோறு 100 கிராமில் அரை கிராம்கூட இல்லை. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏழு, எட்டு கிராம் இருக்கிறது, வேகவைத்த பருப்பு வகைகள் பலவும் அதற்குப் பக்கத்தில்தான். சமைக்காத ஓட்ஸ் 100 கிராமில் சுமார் பத்து. தோலோடு ஒரு நடுத்தர ஆப்பிளில் நான்கு கிராமுக்கு மேல். வெள்ளரிக்காய், லெட்டூஸ் மாதிரி தண்ணீர்க் காய்களை ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு நார்ச்சத்து சேர்ந்துவிட்டது என்று நினைப்போம், அதில் ஒரு கிராம் தேறினால் அதிகம். சாலட்டை மட்டும் நம்பி இருந்தால் 28-ஐ எட்டவே முடியாது. பயறும் பருப்பும் முழுதானியமும் உள்ளே வந்தால்தான் கணக்கு நேராகும்.

நார்ச்சத்து என்பது ஒரே பொருளும் கிடையாது. ஓட்ஸ், பார்லி, இசப்கோல், பீன்ஸ், ஆப்பிள் போன்றவற்றில் இருக்கும் ஒரு வகை, தண்ணீரோடு சேர்ந்தால் கொழகொழப்பாகிவிடும். ராத்திரி ஊறவைத்த ஓட்ஸைக் காலையில் கரண்டியால் எடுத்தால் தெரியும், கூழ் மாதிரி இழுபடும். சிறுகுடலிலும் அது அப்படித்தான் ஆகிறது. இரைப்பையிலிருந்து உணவு மெதுவாக இறங்குகிறது, குளுக்கோஸ் ரத்தத்தில் கலப்பதும் தாமதமாகிறது. ஒரே மூச்சில் ஏறவேண்டிய சர்க்கரை நிதானமாக ஏறுகிறது. தவிடு, தோல், கீரைத் தண்டில் இருப்பது இன்னொரு வகை. அது பெரும்பாலும் கரையாது, மலத்துக்குப் பருமன் தந்து நகர்த்திவிடும். மூன்றாவதாக, ஜீரணமாகாத மாவுச்சத்து என்று ஒன்று உண்டு. வேகவைத்து ஆறவைத்த உருளைக்கிழங்கிலும் அரிசியிலும் மாவுச்சத்தின் ஒரு பகுதி மறுபடி இறுகி, சிறுகுடலில் ஜீரணமாகாமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அளவு கொஞ்சம்தான், அதை நம்பிக் கூடுதலாகச் சாப்பிட முடியாது. கர்ப்பத்தில் உணவு கெட்டுப்போகும் ஆபத்தும் இருப்பதால், ஆறவைப்பதென்றால் ஃபிரிட்ஜில் வைத்து, சாப்பிடும் முன் ஆவி பறக்கச் சூடு பண்ணிக்கொள்வதுதான் சரி. சூடு பண்ணினாலும் அந்த இறுகிய மாவில் ஓரளவு அப்படியே இருக்கும்.

இதெல்லாம் படிப்பதற்கு நன்றாக இருக்கும். மீட்டர் என்ன சொல்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். சாப்பிட ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் 140-க்குள், இரண்டு மணி நேரத்தில் 120-க்குள், வெறும் வயிற்றில் 95-க்குள் இருக்க வேண்டும் என்று எனக்கு இலக்கு கொடுத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டில் ஒரு சோதனை செய்தேன். சோற்றின் அளவை மாற்றவே இல்லை, அதே கிண்ணம். முதலில் சோறும் குழம்பும் கொஞ்சம் காயும் மட்டும். ஒரு மணி நேரத்தில் 158. மறுநாள் அதே கிண்ணம் சோற்றோடு ஒரு கிண்ணம் வேகவைத்த கொண்டைக்கடலை, ஒரு பெரிய கிண்ணம் பீன்ஸும் கேரட்டும், ஒரு முட்டை. காயையும் கடலையையும் முட்டையையும் முதலில் சாப்பிட்டுவிட்டுக் கடைசியாகச் சோறு. 133. விரலில் ஊசி குத்தி, ஸ்ட்ரிப்பில் ரத்தம் ஏறி, அந்த எண் தெரிந்தபோது மீட்டரில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். பிறகும் பல நாள் பார்த்தேன். எண் கொஞ்சம் முன்னே பின்னே வந்தது, போக்கு மாறவில்லை. காயும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்ற வரிசை சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையைக் குறைக்கிறது என்று நீரிழிவு உள்ளவர்களிடம் செய்த சிறிய ஆய்வுகளிலும் பார்த்திருக்கிறார்கள். இதற்குச் செலவும் இல்லை, பக்க விளைவும் இல்லை. ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

காலைச் சாப்பாடுதான் கடினம். விடியற்காலையில் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏறியிருப்பதால் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நேரம் அது. மதியம் ஒன்றும் செய்யாத அதே இரண்டு துண்டு ரொட்டி காலையில் சர்க்கரையை எங்கேயோ கொண்டுபோய்விடும். அதனால் காலையில் மாவுச்சத்தைக் குறைவாக வைத்துக்கொண்டு மிச்சத்தை மற்ற வேளைகளுக்குப் பிரித்துக்கொண்டேன். முழுப் பயறும் முட்டையும் கொஞ்சம் பாதாமும் என் காலையாகிப்போனது. பழம் மதியத்துக்குப் பிறகுதான், அதுவும் முழுப் பழமாக. ஜூஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். பிழிந்து வடிகட்டும்போது நார் கிட்டத்தட்ட எல்லாம் சக்கையில் போய்விடுகிறது, மிஞ்சுவது சர்க்கரைத் தண்ணீர்.

சிறுகுடலில் நார்ச்சத்தின் வேலை இவ்வளவுதான். அங்கே ஜீரணமாகாமல் பெருங்குடலுக்குப் போன பிறகுதான் பாக்டீரியாவின் கதை தொடங்குகிறது. நார்ச்சத்தை உடைக்கத் தேவையான நொதிகள் நம் உடலில் மிகக் குறைவு. பெருங்குடலில் கோடிக்கணக்கில் வாழும் பாக்டீரியாக்களிடம் அவை ஏராளமாக இருக்கின்றன. நாம் ஜீரணிக்க முடியாததை அவை நொதிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறிய கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உட்சுவரில் இருக்கும் செல்களுக்கு முக்கிய எரிபொருளே பியூட்டிரேட்தான். அந்தச் சுவர் உறுதியாக இருந்தால் பாக்டீரியாவின் கழிவுகள் ரத்தத்தில் கசிந்து அழற்சியை, அதாவது உடலுக்குள் வீக்கம் போன்ற எதிர்வினையைத் தூண்டுவது குறையும். அழற்சி கூடினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. இந்த அமிலங்கள் குடலில் இருக்கும் சில செல்களைத் தூண்டி ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனையும் சுரக்கவைக்கின்றன. சாப்பிட்ட பிறகு கணையத்துக்கு 'இன்சுலின் அனுப்பு' என்று தகவல் சொல்லும் ஹார்மோன் அது. இப்போது ஊரெல்லாம் பேசும் எடைக் குறைப்பு ஊசிகள் இதே ஹார்மோனைப் போலச் செய்யப்பட்டவைதான். அந்த ஊசிகள் கர்ப்பத்தில் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பாக்டீரியாக்களுக்கு நார் கிடைக்காவிட்டால் என்ன செய்யும்? எலிகளில் பார்த்திருக்கிறார்கள். குடல் சுவரைப் பாதுகாக்கும் சளிப் படலத்தையே தின்னத் தொடங்குகின்றன, படலம் மெலிந்துபோகிறது. வாடகைக்கு இருப்பவருக்குச் சோறு போடாவிட்டால் சுவரைச் சுரண்டித் தின்றால் எப்படியோ, அப்படி. அதைப் படித்த நாளில் என் தட்டில் கீரை கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

கர்ப்பத்துக்கும் குடல் பாக்டீரியாவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நான் படித்தவற்றில் மிகவும் யோசிக்கவைத்தது 2012-ல் வந்த ஒரு ஆய்வு. ரூத் லே என்ற விஞ்ஞானியின் குழு, ஃபின்லாந்தைச் சேர்ந்த 91 கர்ப்பிணிகளின் மல மாதிரிகளை முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் எடுத்து ஒப்பிட்டது. இரண்டுக்கும் நடுவே பாக்டீரியாக் கூட்டம் நிறைய மாறியிருந்தது. பாக்டீரியாவே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு இந்த மாதிரிகளைச் செலுத்தியபோது, கடைசி மாதங்களின் மாதிரியைப் பெற்ற எலிகளுக்குக் கொழுப்பும் கூடியது, இன்சுலினுக்குக் கட்டுப்படுவதும் குறைந்தது. அதாவது குழந்தைக்காக அம்மாவின் உடலில் நடக்கும் மாற்றத்தில் பாக்டீரியாவுக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் 2015-ல் அமெரிக்காவில் செய்த இன்னொரு ஆய்வில் கர்ப்பகாலம் முழுக்கக் குடல் பாக்டீரியா பெரிதாக மாறவே இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

2023-ல் வந்த இஸ்ரேல் ஆய்வு இன்னும் நேரடியானது. 394 கர்ப்பிணிகளை முதல் மூன்று மாதத்திலிருந்தே கவனித்தார்கள். பின்னால் சர்க்கரை வந்த பெண்களிடம், அது கண்டுபிடிக்கப்படுவதற்கு மாதக்கணக்கில் முன்பே, அழற்சியைக் காட்டும் பொருட்கள் கூடுதலாகவும் குடலில் அந்தச் சிறிய கொழுப்பு அமிலங்கள் குறைவாகவும் இருந்தன. எடை கூடுதலாக இருந்த கர்ப்பிணிகளைப் பற்றிய 2018-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், நார் குறைவாகச் சாப்பிட்டவர்களிடம் காலின்செல்லா என்ற பாக்டீரியா அதிகமாக இருந்தது. ரத்தத்தில் இன்சுலின் அளவு கூடுதலாக இருப்பதோடு தொடர்புபடுத்தப்படும் பாக்டீரியா அது. உணவுப் பக்கமிருந்து பார்த்தால், அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்த பெரிய ஆய்வின் 2006-ஆம் ஆண்டு முடிவு இருக்கிறது. கர்ப்பத்துக்கு முன்பு ஒரு நாளைக்குச் சாப்பிடும் நார் ஒவ்வொரு பத்து கிராம் கூடும்போதும் கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்பு 26 சதவீதம் குறைவாக இருந்தது. இது தொடர்பைத்தான் காட்டுகிறது, நார்தான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. நார் அதிகம் சாப்பிடுபவர்கள் வேறு பல விஷயங்களிலும் வித்தியாசமாக இருப்பார்கள். இருந்தாலும் பெரும்பாலானவை ஒரே திசையைக் காட்டுகின்றன, சாப்பாட்டில் கடலையும் கீரையும் கூட்டுவதில் இழப்பதற்கும் ஒன்றுமில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இதை எல்லாம் படித்துவிட்டு நாளைக்கே 28 கிராமுக்குத் தாவ வேண்டாம். பாக்டீரியா நொதிக்கவைக்கும்போது வாயுவும் வரும். ஏற்கனவே குழந்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும் வயிற்றில் அந்த உப்புசம் மூச்சு விடவே சிரமமாக்கும். டயட்டீஷியன் சொன்னபடி வாரத்துக்கு ஒரு பொருளாகச் சேர்த்தேன். முதலில் காயின் அளவைக் கூட்டினேன், அப்புறம் கால் கிண்ணம் பயறு, அது பழகியதும் அரைக் கிண்ணம். கடலையை ராத்திரி முழுக்க ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, விரலால் நசுக்கினால் மாவாகும் வரை வேகவைத்தால் வாயு குறையும். வாயுவை உண்டாக்கும் சில சர்க்கரைகள் அந்தத் தண்ணீரில் இறங்கிவிடுகின்றன. பாக்டீரியாக்கள் உணவு மாற்றத்துக்குச் சில நாட்களிலேயே ஈடுகொடுக்கத் தொடங்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன, என் வயிறு சமாதானமாக அதை விட நாள் பிடித்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆரம்ப வார உப்புசத்தைப் பார்த்துவிட்டு 'எனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை' என்று விட்டுவிடுபவர்கள் நிறைய. கொஞ்சம் பொறுத்தால் வயிறு பழகிவிடும். வலி கடுமையாக இருந்தாலோ, வாந்தியோ ரத்தமோ இருந்தாலோ அது வேறு கதை, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

தண்ணீர் குடிக்காமல் நாரை மட்டும் கூட்டினால் மலச்சிக்கல் இன்னும் மோசமாகும். கர்ப்பத்தில் புரோஜெஸ்ட்ரான் என்ற ஹார்மோன் குடலின் அசைவையே மெதுவாக்கிவிடுகிறது, மேலே இரும்புச்சத்து மாத்திரை வேறு. எனக்குச் சர்க்கரையை விட இதுதான் தினசரித் தொல்லை, நார் கூடிய பிறகு முதலில் தீர்ந்ததும் இதுதான். இரும்பு மாத்திரையைத் தவிடு, பயறு நிறைந்த சாப்பாட்டோடு சேர்த்துப் போடாதீர்கள், அவற்றில் இருக்கும் ஃபைட்டேட் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். டீ, காபி, கால்சியம் மாத்திரையோடும் வேண்டாம். இசப்கோல் எடுப்பதென்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, மற்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு எடுக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். 'நார்ச்சத்து நிறைந்தது' என்று அட்டையில் போட்ட பிஸ்கட்டுகளை நான் வாங்குவதை விட்டுவிட்டேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் நார் மூன்று கிராம், சர்க்கரை அதைப் போலப் பல மடங்கு.

இனி புரோபயாடிக் மாத்திரைகள். குடல் பாக்டீரியா என்று பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் ஒரு டப்பாவின் பெயரைச் சொல்வார்கள். 'நல்ல பாக்டீரியாதானே, மாத்திரையாகவே போட்டுக்கொள்ளலாமே' என்று தோன்றுவது இயல்பு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் எடை கூடுதலான 411 கர்ப்பிணிகளிடம் இதைச் சோதித்தார்கள், முடிவு 2019-ல் வந்தது. பாக்டீரியா மாத்திரை சாப்பிட்டவர்களில் 18.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 12.3 சதவீதம். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்றாலும், தடுக்கவில்லை என்பது தெளிவு. 2021-ல் இப்படிப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற அமைப்பின் அறிக்கை இன்னொரு எச்சரிக்கையையும் தந்தது: புரோபயாடிக் எடுத்தவர்களிடம் கர்ப்பகால ரத்த அழுத்தச் சிக்கலான ப்ரீஎக்லாம்ப்சியா கூடுதலாகத் தெரிந்தது. இது வெறும் விட்டமின் மாதிரி, போட்டால் தப்பில்லை என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். காய்ச்சிய பாலில் உறைய வைத்த தயிர் உணவு, அது வேறு. மாத்திரை வேறு. என் மருத்துவரும் வேண்டாம் என்றார், நான் வாங்கவில்லை. ஏற்கனவே உள்ளே இருக்கும் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு போடுவதுதான் எனக்கு நியாயமாகப் பட்டது.

ஒரே பொருளைத் தினமும் சாப்பிடுவதை விட மாற்றி மாற்றிச் சாப்பிடுவது நல்லது. வெவ்வேறு பாக்டீரியாவுக்கு வெவ்வேறு நார் வேண்டும். வாரத்தில் முப்பது வகைக்கு மேல் தாவர உணவு சாப்பிடுபவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் அதிகமாக இருந்ததை 2018-ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. முப்பது என்றதும் மலைக்க வேண்டாம், பூண்டும் எள்ளும் கொத்தமல்லியும் கணக்கில் சேரும். அதே சமயம் எனக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல மாட்டேன். 800 பேருக்கு ஒரே மாதிரி உணவு கொடுத்துத் தொடர்ந்து சர்க்கரையை அளந்த 2015-ஆம் ஆண்டு இஸ்ரேல் ஆய்வில், ஒரே உணவுக்கு ஒவ்வொருவரின் சர்க்கரையும் ஒவ்வொரு விதமாக ஏறியது. குடல் பாக்டீரியாவின் வித்தியாசமும் அதற்கு ஒரு காரணம். எனக்கு ஓட்ஸ் கஞ்சி காலையில் ஒத்துக்கொள்ளவே இல்லை, நார் இருந்தும் ஒரு மணி நேர அளவு தாண்டிவிடும். அதே நிலையில் இருந்த ஒரு தோழிக்கு அதுதான் தினசரிக் காலைச் சாப்பாடு. நோட்டில் சாப்பிட்டதையும் எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவாருங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் உங்கள் உடலின் போக்கு தெரிந்துவிடும். டயட்டீஷியனிடம் போகும்போது அந்த நோட்டு இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

நார்ச்சத்து எங்கே உதவவில்லை என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது வெறும் வயிற்று அளவு. சாப்பாட்டுக்குப் பிந்தைய எண்கள் எல்லாம் இலக்குக்குள் வந்த பிறகும் காலை எண் மட்டும் 97, 99, 101 என்று நின்றது. ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டுப் பார்த்தேன், படுக்கும் முன் ஒரு பிடி கொட்டைப் பருப்போடு பால் குடித்துப் பார்த்தேன், சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடந்தேன். நடைக்கு மதிய எண்ணும் இரவு எண்ணும் நன்றாகக் கேட்டன. காலை எண் கேட்கவில்லை. காரணம் எளிமையானது. வெறும் வயிற்றுச் சர்க்கரையைத் தருவது முந்தின ராத்திரி சாப்பாடு என்பதை விட, ராத்திரி முழுக்கக் கல்லீரல் ரத்தத்தில் விடும் குளுக்கோஸ்தான். அதை அடக்கும் வேலை இன்சுலினுடையது. நஞ்சின் ஹார்மோன்கள் உச்சத்தை நோக்கிப் போகும் வாரங்களில், சொந்த இன்சுலின் போதாதவர்களுக்குத் தட்டில் என்ன மாற்றினாலும் போதாது.

மருத்துவர் படுக்கும் முன் போட்டுக்கொள்ளும் இன்சுலினை எழுதிக்கொடுத்தார். வீட்டில் ஒரே கவலை. "இவ்வளவு கட்டுப்பாடா இருந்தும் ஊசி வரைக்கும் வந்துடுச்சே" என்றார் மாமியார். அந்த வார்த்தைக்குள் இருக்கும் எண்ணம் பல பெண்களை வாட்டுகிறது: ஊசி என்றால் தோற்றுவிட்டோம் என்று. அது உண்மை இல்லை. ஊசியில் போடும் இன்சுலினும் நஞ்சைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை என்பதால்தான் கர்ப்பத்தில் அதை முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். நார்ச்சத்து என் இன்சுலின் தேவையைப் பகல் வேளைகளில் இல்லாமல் செய்தது, ராத்திரிக்கு மட்டும் ஊசி போதுமானதாக இருந்தது. அது அதன் வேலையைச் செய்தது, ஊசி ஊசியின் வேலையைச் செய்தது. யாராவது 'நார் கூட்டிட்டா ஊசியே வேண்டாம், நிறுத்திடு' என்று சொன்னால் நிறுத்தாதீர்கள். அந்த முடிவை எண்களைப் பார்த்து மருத்துவர் எடுக்கட்டும்.

பிரசவம் ஆனதும் நஞ்சு வெளியே வந்துவிடுவதால் அந்த ஹார்மோன்கள் வேகமாகக் குறைந்துவிடும், எனக்கும் ஊசியை உடனே நிறுத்திவிட்டார்கள். குழந்தைக்குச் சர்க்கரை சரியாக இருந்தது. தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கிய நாட்களில் ஒரு விஷயம் படித்து ஆச்சரியப்பட்டேன். தாய்ப்பாலில் குழந்தையால் ஜீரணிக்கவே முடியாத ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலிகள் நிறைய இருக்கின்றன. குழந்தையின் குடலில் வளரும் பிஃபிடோ பாக்டீரியாக்களுக்கு அவைதான் உணவு. அம்மாவுக்குக் கடலையும் கீரையும் செய்யும் வேலையைக் குழந்தைக்குப் பாலே செய்துவிடுகிறது.

சர்க்கரை போய்விட்டது என்று அதோடு மறந்துவிடுவதுதான் பலருக்கும் நடக்கிறது. கைக்குழந்தையோடு ரத்தப் பரிசோதனைக்கு யார் போவது? ஆனால் பிரசவமாகி 4 முதல் 12 வாரத்துக்குள் அதே 75 கிராம் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். சரியாக இருந்தாலும் ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒரு முறை தொடர்ந்து பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களை விடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு என்று 2020-ல் வந்த ஒரு தொகுப்பு ஆய்வு சொல்கிறது. குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாளிலேயே எனக்கும் பரிசோதனைக்கு நேரம் வாங்கிக்கொண்டேன், அப்படிச் சேர்த்துவைத்தால் தள்ளிப்போகாது. இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் அந்தச் செவிலியர் ஆய்வு அளந்தது கர்ப்பத்துக்கு முந்தைய சாப்பாட்டை என்பதை நினைவில் வையுங்கள். அதனால் 24-வது வாரம் வரை காத்திருக்காமல் இப்போதே கால் கிண்ணம் பயறோடு தொடங்கிவிடலாம். அடுத்த கர்ப்பம் உறுதியானதும் முதல் சந்திப்பிலேயே முந்தின முறை சர்க்கரை இருந்ததைச் சொல்லி, முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள்.